இரண்டு கிராம் ஈரம்

செவ்வாய்க்கிழமை காலை தராசு இருபத்திரண்டு காட்டியது.

முந்தின நாள் மாலை அவள் தன் கையால் வைத்தது இருபது கிராம். தட்டின் எடையைக் கழித்து, மூச்சைக்கூடப் பிடித்துக்கொண்டு பார்த்த இருபது. அதை டெசிகேட்டருக்குள் இறக்கி, மூடியின் விளிம்பில் கிரீஸ் தடவி, அரைச்சுற்றுத் திருகி அழுத்திவிட்டுத்தான் வீட்டுக்குப் போனாள். டெசிகேட்டர் வேறொன்றுமில்லை, தடித்த கண்ணாடியாலான ஒரு பானை. அடியில் நீல நிற மணிகள் கிடக்கும். உள்ளே இருக்கும் ஈரத்தையெல்லாம் அந்த மணிகள் குடித்துவிடும். குடித்த மணி இளஞ்சிவப்பாக மாறிவிடும். மணிகள் நீலமாக இருக்கும்வரை உள்ளே சொட்டு ஈரமில்லை என்று கண்ணை மூடிக்கொண்டு சொல்லலாம்.

மணிகள் நீலமாகத்தான் இருந்தன. பொடி மட்டும் இரண்டு கிராம் கூடியிருந்தது.

இது மூன்றாவது தடவை. மூன்று தடவையும் இருபத்திரண்டு. இருபத்தொன்றரை இல்லை, இருபத்திரண்டே கால் இல்லை. ஒழுகுகிற மூடி இவ்வளவு கணக்காக ஒழுகாது. அவள் பொடியை விரல் நுனியால் தொட்டுப் பார்த்தாள். சில்லென்று இருந்தது. மழையில் நனைந்த மாவு போல லேசாக ஒட்டியது. தராசு அறையின் ஏசி முனகிக்கொண்டிருந்தது. அந்த முனகலுக்கு அடியில் ஒரு வாசனை வந்தது; துருப்பிடித்த குழாயிலிருந்து முதலில் வருகிற தண்ணீரின் வாசனை. அந்த அறையில் குழாயே கிடையாது.

அவள் அந்தப் பொடியைக் கழிவுப் பாத்திரத்தில் கொட்டி, அதை அடக்கும் கரைசலை ஊற்றினாள். மறுபடி இருபது கிராம் எடுத்து, காற்றை உறிஞ்சி எடுக்கும் வேக்கம் அடுப்பில் வைத்துக் காயவைக்க ஆரம்பித்தாள்.

அந்தப் பொடியைப் பற்றிக் கொஞ்சம் சொல்ல வேண்டும். சோதனைக்கூடத்தில் அதற்கு ஐ.பி.எக்ஸ். என்று பெயர். பார்க்கச் சாக்பீஸ் தூள் மாதிரி சாதுவாக இருக்கும். அதன் நடுவில் ஓர் அயோடின் அணு உட்கார்ந்திருக்கிறது. அயோடின் வழக்கமாக ஒரே ஒரு கையால் பக்கத்து அணுவைப் பிடித்துக்கொண்டு சும்மா இருக்கும். இந்தப் பொடியில் அதை வலுக்கட்டாயமாக ஐந்து கைகளோடு நிற்க வைத்திருக்கிறார்கள். ஐந்து கை நிறையச் சுமை. எப்போது இறக்கி வைக்கலாம் என்று ஆள் தேடிக்கொண்டே நிற்கும். பீனால் என்ற வகை மூலக்கூறு எதிரே வந்தால் அதன் கையைப் பிடித்துக்கொண்டு, தன்னிடமிருக்கும் ஓர் ஆக்ஸிஜனை அந்தக் கைக்கு மிக அருகிலிருக்கும் கார்பனில் பத்திரமாக வைத்துவிடும். தூரத்துக் கார்பனைத் தொடாது. அதுதான் இதன் அழகு. வேறு பொருள்கள் கண்ட இடத்தில் கை வைத்து எல்லாவற்றையும் தாராக்கிவிடும். இது அண்டை வீட்டுக் கதவை மட்டும் தட்டும். சுமையை இறக்கியதும் ஐந்து கை மூன்றாகிவிடும். பீனால் குயினோனாகிவிடும். நிறமில்லாத கரைசல் மஞ்சளாகி, ஆரஞ்சாகி, சிவந்துவிடும். வெட்டி வைத்த ஆப்பிள் பழுப்பாவதும் ஏறக்குறைய இதே வேலைதான்; அங்கே பழம் தானே செய்துகொள்கிறது.

அவர்கள் கையிலிருந்த மூலக்கூறுக்கு இரண்டு பக்கமும் பீனால் இருந்தது. ஒரு மருந்துக்கான நடுக்கட்டப் பொருள் அது. இடது பக்கம் மட்டும் மாற வேண்டும், வலது பக்கம் அப்படியே இருக்க வேண்டும். பொடி துளி கூடினால் வலதும் மாறி எல்லாம் தாராகும். துளி குறைந்தால் பாதியில் நிற்கும். ஆகவே எடை சரியாக இருந்தாக வேண்டும். ஈரப் பொடியில் எவ்வளவு பொடி, எவ்வளவு தண்ணீர் என்று யாருக்குத் தெரியும்?

அந்தக் கேள்வியைக் கேட்டது அவள். ஏழு வாரத்துக்கு முன்பு, தன் தம்பியிடம்.

தம்பியை எல்லோரும் மருதாணி என்றுதான் கூப்பிடுவார்கள். கையுறை போட்டாலும் எப்படியோ அவன் விரல் நுனிகள் செம்பழுப்பாகவே இருக்கும். மருதாணி இலையில் இருப்பதும் ஒரு குயினோன்தான், அதனால் பெயர் சரியாகத்தான் வைத்திருக்கிறார்கள் என்று அவனே ஊருக்கெல்லாம் விளக்கம் சொல்லுவான். அவளைவிட எட்டு வயது சின்னவன். அம்மா ஷிப்ட் வேலைக்குப் போன சாயங்காலங்களில் அவனை மடியில் உட்கார வைத்து, அவன் கையின் மேல் தன் கையை வைத்து, சிலேட்டில் எழுத்துகளை எழுத வைத்தவள் அவள்தான். பிறகு அவளைப் பார்த்து அதே படிப்பைப் படித்தான். அவளுடைய அறைக்கே வேலைக்கு வந்தான். அவன் அக்கா என்று கூப்பிடுவதைக் கேட்டுக் கேட்டு, கண்ணாடி கழுவுகிறவரிலிருந்து மேலதிகாரிவரை எல்லோருக்கும் அவள் அக்காவாகிப் போனாள்.

செய்முறை நோட்டில் ஒரு பழைய வரி உண்டு: பொடியை ஈரமாகவே வைத்துக்கொள்ளவும், அரைக்கக் கூடாது. ஐந்து கைச் சுமையோடு நிற்கிற பொருள் காய்ந்த நிலையில் ஒரு தட்டு பட்டாலும் மொத்தச் சுமையையும் ஒரே நொடியில் போட்டுவிடும். அதற்குப் பெயர் வெடிப்பு. இது அவளுக்குத் தெரியாததல்ல. ஆனால் ஈரப் பொடியோடு பதினொரு தடவை செய்து, ஆறு தடவை தாராகப் போயிருந்தது. அன்று காலை அவள் பென்சிலால் ‘ஈரமாகவே’ என்பதை அடித்து, மேலே ‘நன்றாகக் காயவைத்து, மாவாக அரைத்து’ என்று எழுதினாள். நோட்டில் பேனாவால்தான் எழுத வேண்டும் என்பது அங்கே எல்லோருக்கும் பாடமான விதி. இது சும்மா ஒரு சோதனைதானே என்று பென்சிலை எடுத்தாள்.

அவன் படித்துவிட்டுத் தலையைச் சொறிந்தான்.

“அக்கா, இதுக்கு வேற ஒரு வழி இருக்கு. சாயங்காலம் சொல்றேன்.”

“முதல்ல நான் சொன்னதைச் செய். அப்புறம் உன் வழி.”

“சரிக்கா.”

அவள் சொன்னால் அவன் சரிக்கா என்றுதான் சொல்லுவான். சின்ன வயதிலிருந்தே அப்படித்தான்.

சத்தம் பெரிதாக இல்லை. ஒரு பெரிய புத்தகத்தைக் கல் மேடையில் ஓங்கிப் போட்ட மாதிரி. அவள் ஓடிப் போனபோது பொடி அரைக்கும் கல்வம் இருந்த இடத்தில் கல்வம் இல்லை. வலது கையில் கட்டைவிரலும் ஆள்காட்டி விரலும் இல்லை. முகத்தை அவள் பார்த்தாள். பார்த்ததை யாரிடமும் சொன்னதில்லை. தோளைப் பிடித்து இழுத்துப் போய், நடைபாதையின் கோடியிலிருந்த அவசரக் குழாயின் சங்கிலியை இழுத்தாள். வாளி வாளியாகத் தலையில் கொட்டுகிற குழாய் அது. பதினைந்து நிமிடம் நனைக்க வேண்டும் என்பது விதி. பதினைந்து நிமிடமும் அவனைப் பிடித்துக்கொண்டு துருவாடை வீசும் அந்தத் தண்ணீரில் உட்கார்ந்திருந்தாள். நடுவில் ஒரே ஒரு தடவை பேசினான்.

“எடை சரியாத்தான்கா இருந்துச்சு.”

ஆஸ்பத்திரியில் முகம் முழுக்கப் பஞ்சும் துணியும் சுற்றி வைத்திருந்தார்கள். மூன்றாம் நாள் போய்விட்டான். அந்தச் சாயங்கால வழி என்னவென்று அவன் சொல்லவே இல்லை.

வெடித்த அன்றே, விசாரணைக்காரர்கள் வருவதற்கு முன்பு, அவள் ரப்பரை எடுத்து அந்தப் பென்சில் வரியை அழித்துவிட்டாள். ஏன் என்று இப்போது கேட்டால் அவளுக்குச் சொல்லத் தெரியாது. கை செய்தது. நோட்டில் பழைய வரி மட்டும் மிஞ்சியது. விதி இருந்தும் மீறியிருக்கிறார் என்று விசாரணையில் முடிவு செய்தார்கள். அந்த அறிக்கையில் அவள் கையெழுத்து வெள்ளிக்கிழமை மாலை ஐந்து மணிக்குள் வேண்டும்.

அதனால்தான் இந்த இருபது கிராம். காய்ந்த பொடியோடு வேலை சரியாக வந்துவிட்டால், அவள் எழுதிய வரி சரியான வரி. வேலைக்கு அது தேவைப்பட்டது, அவன் கெட்ட நேரம், அவ்வளவுதான் என்று மீதி நாளை ஓட்டிவிடலாம். வராவிட்டால், அவன் ஒன்றுமில்லாததற்காகப் போயிருக்கிறான். அதை அவள் தெரிந்துகொண்டாக வேண்டும். அதற்குப் பொடி காய வேண்டும். பொடி காய மறுத்தது.

புதன்கிழமை தராசு மெக்கானிக் வந்தார். வெல்வெட் பெட்டியிலிருந்து பளபளக்கும் எடைக்கற்களை இடுக்கியால் எடுத்து ஒவ்வொன்றாக வைத்துப் பார்த்தார். இருபது கிராம் கல் இருபதே காட்டியது. பத்து, பத்து. ஒரு கிராம், ஒன்று.

“இது எங்க வீட்டம்மா மாதிரி மேடம். நான் சொல்றதை நம்பாது. ஆனா இதுவரைக்கும் தப்பாச் சொன்னதில்ல.”

அவளுக்குச் சிரிப்பு வரவில்லை. அவர் பெட்டியை மூடிக்கொண்டே தரையைப் பார்த்தார். ஈரம் எங்கிருந்து வருகிறதென்று தெரியாமல் எடையைப் பற்றிக் கேட்டால் எப்படி, நடைபாதையிலிருந்து இங்கேவரை நனைந்திருக்கிறதே, அந்தக் கோடிக் குழாய் ஒழுகுகிறது போலிருக்கிறது, ஆளை விட்டுப் பார்க்கச் சொல்லுங்கள் என்றார்.

அவள் போய்ப் பார்த்தாள். கோடிக் குழாயின் வால்வை வெடித்த அன்றைக்கே மூடி, பாதுகாப்பு அதிகாரி சிவப்பு அட்டை கட்டித் தொங்கவிட்டிருந்தார். சங்கிலியில் தூசி. குழாய் வாயில் ஒரு சிலந்தி வலை பின்னியிருந்தது. வலை நனையவில்லை. குழாய்க்கு நேர் கீழே தரையில் மட்டும், ஓர் ஆள் உட்கார்ந்து எழுந்த அளவுக்கு, தண்ணீர் தேங்கியிருந்தது.

அன்று மத்தியானம் தம்பி மனைவி வந்தாள், அவனுடைய அலமாரியைக் காலி செய்ய. அதில் ஒரு வெள்ளைக் கோட்டு, ஒரு குடை, குழந்தை கிறுக்கிய ஒரு காகிதம், பாதி தின்ற பிஸ்கட் பொட்டலம் இருந்தன. எல்லாவற்றையும் ஒரு துணிப்பைக்குள் வைத்தாள். கோட்டை மட்டும் கையில் வைத்துக்கொண்டு, மடிப்பதும் பிரிப்பதுமாக நின்றாள். பாதுகாப்பு அதிகாரி வீட்டுக்கே வந்து அறிக்கையைப் படித்துக் காட்டினாராம். அவள் அழவில்லை. அழுது முடித்த முகம் அது.

“அண்ணி, ஒண்ணு கேக்கலாமா?”

“கேளும்மா.”

“வீட்டுல பால் பொங்குனா அடுப்பை அணைக்கக்கூட என்னைக் கேப்பாரு. அப்படிப்பட்ட மனுஷன், விதியை மீறி தன்னிஷ்டத்துக்கு அரைச்சாருன்னு போட்டிருக்காங்க. நீங்க பக்கத்துலயே இருந்தீங்கள்ல. நெசமாவே அப்படித்தான் செஞ்சாரா?”

அக்கா வாயைத் திறந்தாள். அறிக்கை முடியட்டும், அப்புறம் பேசலாம் என்று என்னவோ சொன்னாள். தம்பி மனைவி அவள் முகத்தைப் பார்த்தாள். பிறகு கோட்டை மடித்தாள். மடிக்கும்போது கையை உதறிக்கொண்டாள்.

“ஈரமா இருக்கே அண்ணி. ஏழு வாரமா உள்ளயே தொங்குது, எப்படிக் காயாம இருக்கும்?”

அவள் போன பிறகு அக்கா நான்காவது இருபது கிராமை டெசிகேட்டரில் வைத்தாள். இந்தத் தடவை மூடியைச் சுற்றி மெழுகு உருக்கி ஊற்றினாள். மெழுகின் மேல் காகிதம் ஒட்டி, காகிதத்தின் மேல் கையெழுத்துப் போட்டாள். தராசு அறையைப் பூட்டிச் சாவியைத் தன் கழுத்துச் சங்கிலியில் கோத்துக்கொண்டாள். அந்த அறைப் பக்கம் இப்போது அவளைத் தவிர யாரும் வருவதில்லை. வழியில்லாமல் வந்தால்கூடச் சுவரோரமாக நடந்து போய்விடுவார்கள்.

வியாழக்கிழமை காலை எட்டரை மணி. ஜன்னல் வழியே நல்ல வெயில் விழுந்துகொண்டிருந்தது. எதிர்க் கட்டடத்தில் யாரோ சிரித்தார்கள். பூட்டு பூட்டியபடி இருந்தது. காகிதம் கிழியவில்லை. கையெழுத்து கலையவில்லை. மெழுகைச் சுரண்டி எடுத்து மூடியைத் திருகினாள். நீல மணிகள் நீலமாக இருந்தன.

பொடியின் மேல் மூன்று குழிகள் இருந்தன. ஈர மாவில் விரல் அழுத்திப் பார்த்தால் விழுகிற குழிகள். நடுவிரல், மோதிர விரல், சுண்டுவிரல். குழிகளின் அடியில் லேசான செம்பழுப்பு.

எடை இருபத்திரண்டு.

அவள் நாற்காலியில் உட்கார்ந்தாள். இரண்டு கையையும் தொடைகளுக்கு அடியில் வைத்துக்கொண்டாள். அப்போதுதான் மேசையில் செய்முறை நோட்டு விரிந்து கிடப்பதைப் பார்த்தாள். முந்தின நாள் அறிக்கையோடு பாதுகாப்பு அதிகாரி கொடுத்துவிட்டுப் போன நோட்டு அது. இழுப்பறைக்குள் போட்டு மூடியது அவளுக்கு நன்றாக நினைவிருந்தது. விரிந்த பக்கத்தின் மேல் அயோடின் ஜாடி கவிழ்த்து வைக்கப்பட்டிருந்தது.

அந்த ஜாடி எல்லாச் சோதனைக்கூடத்திலும் இருக்கும். மணலோடு நாலைந்து அயோடின் துகள்களைக் கலந்து வைத்திருப்பார்கள். அயோடின் திரவமாகக் காத்திராமல் நேரே ஊதா ஆவியாக எழும். கண்ணுக்குத் தெரியாத பொருளின் மேல் போய் உட்கார்ந்து அதைப் பழுப்பாகக் காட்டிக்கொடுக்கும். காகிதத்தில் ரப்பரால் தேய்த்த இடத்தில் நார்கள் கலைந்திருக்கும்; கலைந்த நாரில் ஆவி அதிகமாகப் பிடிக்கும். விரல் பட்ட இடத்து எண்ணெயிலும் பிடிக்கும். அழித்த எழுத்தையும் தொட்ட கையையும் கண்டுபிடிக்க இதைவிட எளிய வழி கிடையாது.

அவள் ஜாடியைத் தூக்கி, தாளில் கொட்டிக் கிடந்த மணலைத் தட்டிவிட்டாள்.

பக்கம் முழுக்க மஞ்சள் படர்ந்திருந்தது. மஞ்சளுக்கு நடுவே, கரும்பழுப்பில், அவளுடைய சொந்தக் கையெழுத்து. நன்றாகக் காயவைத்து, மாவாக அரைத்து. ஒரு எழுத்து விடாமல் எழும்பியிருந்தது. அதைச் சுற்றிலும் விரல் தடங்கள். ஒன்றல்ல, பத்தல்ல, பக்கத்தில் இடமில்லாத அளவுக்கு, ஒன்றன் மேல் ஒன்றாக, எல்லாம் மும்மூன்றாக. கண் தெரியாதவர் எதையோ தடவித் தடவித் தேடியது போல.

அயோடின் காற்றில் பறந்துவிடும். அரைமணி நேரம் போனால் தடயமே இருக்காது. அவள் கைபேசியை எடுத்துப் படம் பிடித்திருக்கலாம். யாரையாவது கூப்பிட்டுக் காட்டியிருக்கலாம். ஜன்னலைத் திறந்துவிட்டு உட்கார்ந்துகொண்டாள். எழுத்துகள் ஒவ்வொன்றாக வெளுத்து, மங்கி, காகிதத்துக்குள் திரும்பிப் போகும்வரை பார்த்துக்கொண்டே இருந்தாள். இரண்டாவது தடவையாக அழித்துவிட்டோம் என்று தோன்றியது. கண்ணீர் வந்தது. துடைத்தாள். துடைத்த விரலில் துருவாடை அடித்தது.

வெள்ளிக்கிழமை மத்தியானம் எல்லோரும் ஆண்டுக் கூட்டத்துக்காக எதிர்க் கட்டடத்துக்குப் போயிருந்தார்கள். நடைபாதையில் செருப்புச் சத்தமில்லை. புகையை வெளியே இழுக்கும் ஹூட்டின் விசிறி மட்டும் ஓடிக்கொண்டிருந்தது. மணி மூன்று. கையெழுத்துப் போடாத அறிக்கை மேசையில், நோட்டுக்குப் பக்கத்தில்.

டெசிகேட்டரே வேண்டாம் என்று முடிவு செய்திருந்தாள். இரவுக்கு விட்டால்தானே ஈரமாகிறது? வேக்கம் அடுப்பிலிருந்து நேரே எடுப்போம், எடுத்த கையோடு நிறுப்போம், நிறுத்த கையோடு அரைப்போம். கனமான கல்வத்தைத் தராசின் தட்டில் வைத்துப் பூஜ்யமாக்கினாள். காய்ந்த பொடியைக் கொட்டினாள். பஞ்சுபோல லேசாக, சத்தமில்லாமல் விழுந்தது. இருபது புள்ளி பூஜ்யம் பூஜ்யம். எண் அசையவில்லை. எட்டு நாளில் முதல் தடவையாக, அரைக்கும் நேரத்தில் பொடி காய்ந்தபடியே இருந்தது.

இனி அரைக்க வேண்டியதுதான். அவன் செய்தது அதேதான். அவள் எழுதியது அதேதான். தனக்கு ஒன்றும் ஆகாவிட்டால் தன் வரி சரி. ஆகிவிட்டால்? ஆகிவிட்டால் அதுவும் சரிதான் என்று நினைத்தபோது அவளுக்கு ஆச்சரியமாக இருந்தது. முகக் கவசத்தைக் கழற்றி மேசையில் வைத்தாள். அவன் எதைப் பார்த்தானோ அதை நேராகப் பார்த்துவிடலாம். குழவியை எடுத்தாள்.

பொடியின் நடுவில் ஒரு சொட்டு விழுந்தது.

அவள் கண்ணீர் இல்லை. அவள் அழவில்லை. சொட்டு மேலிருந்து வந்தது. அவள் தலைக்கும் மேலிருந்து.

தராசு 20.05 காட்டியது.

ஒரு சொட்டுத் தண்ணீர் ஏறக்குறைய கிராமில் இருபதில் ஒரு பங்கு. அவளுக்கு அது மனப்பாடம். 20.10. 20.15. நிதானமாக விழுந்தது. அவசரமில்லாமல். யாரோ எண்ணி எண்ணி விடுவது போல.

முதுகில் குளிர். தோளில் நனைந்த துணியின் கனம். துரு. அயோடின். ஆஸ்பத்திரிப் பஞ்சு.

திரும்பவில்லை. திரும்பக் கூடாது.

21.00.

குழவி கையில் இருந்தது. இறக்கு என்று யாரும் சொல்லவில்லை. அவளே இறக்கி வைத்தாள்.

21.50. 21.80. காதருகே மூச்சு. மூச்சு மாதிரியில்லை. துணிக்குள்ளிருந்து தண்ணீர் கொப்பளிக்கிற சத்தம்.

21.95.

22.00.

நின்றுவிட்டது. நாற்பது சொட்டு.

எத்தனை தடவை சொல்லியிருக்கிறான். ஒவ்வொரு காலையும். அவள் ஒவ்வொரு காலையும் அதைக் கழிவில் கொட்டியிருக்கிறாள். காய்ந்த பொடியை முதலில் தராசில் நிறுத்து, தண்ணீரையும் நிறுத்துச் சேர்த்துவிட்டால், ஈரமும் இருக்கும், கணக்கும் இருக்கும். அவ்வளவுதான். அவன் வழி அவ்வளவுதான். சாயங்காலம்வரை காத்திருக்க அவளுக்குப் பொறுமையில்லாமல் போன வழி.

அரைக்கவில்லை. கரண்டியால் மெதுவாக அள்ளிக் குடுவையில் போட்டாள். பீனால் கரைசல் சுழன்றுகொண்டிருந்தது. மூன்றாவது நிமிடம் மஞ்சள். பத்தாவது நிமிடம் ஆரஞ்சு. அந்த மஞ்சளும் ஆரஞ்சும் பொய் சொல்லவில்லை. தாரின் கறுப்பு எட்டிக்கூடப் பார்க்கவில்லை. ஒரு மணி நேரத்தில் கரைசல் பிளந்த மாதுளைபோலச் சிவந்திருந்தது. ஒரு சொட்டைத் தகட்டில் வைத்து ஓடவிட்டாள். கலவையில் எத்தனை பொருள் இருக்கிறதோ தகட்டில் அத்தனை புள்ளி தெரியும். பதினொரு தடவையும் மூன்று, நான்கு, ஐந்து என்று பார்த்தவள் அவள்.

ஒரே ஒரு புள்ளி.

அந்த ஒரு மணி நேரமும் தோளிலிருந்த கனம் இறங்கவில்லை. அவள் நகர்ந்தால் நகர்ந்தது. அவள் நின்றால் பின்னால் தண்ணீர் சொட்டி நின்றது.

நாலே முக்கால். அவள் பேனாவை எடுத்தாள். பேனாதான். அறிக்கையில், காரணம் என்ற இடத்தில் அச்சடித்திருந்ததை அடித்துவிட்டு எழுதினாள்: காயவைத்து அரைக்கச் சொன்னது நான். அவன் மறுத்துப் பார்த்தான். எழுதியதை அழித்ததும் நான். கீழே கையெழுத்துப் போட்டாள். இது அவன் மனைவிக்கான பதில். இதற்குத்தான் வந்திருப்பான், இனிப் போய்விடுவான் என்று நினைத்தாள்.

“போதுமாடா?”

கனம் போகவில்லை.

பேனா பிடித்த கையின் மேல் ஒரு கை வந்து படிந்தது. பனிக்கட்டிபோலச் சில்லென்று, ஊறி வெளுத்து, விரல் நுனிகள் மட்டும் செம்பழுப்பாக. மூன்று விரல்கள். கட்டைவிரல் இருக்க வேண்டிய இடத்தில் ஒன்றுமில்லை. அங்கேயிருந்து தண்ணீர் அவள் மணிக்கட்டில் வழிந்தது. தராசின் கண்ணாடிக் கதவில், அவள் தலைக்குப் பின்னால், ஒரு வெள்ளைக் கோட்டும், அதற்கு மேல் நனைந்து தொங்கும் பஞ்சும் துணியும் தெரிந்தன. துணிக்குள் முகத்துக்கான மேடுபள்ளம் எதுவும் இல்லை. அது குனிந்திருந்தது. பக்கத்தைப் பார்ப்பதற்காகக் குனிந்திருந்தது.

மன்னிப்பு கேட்கத் தோன்றியது. அவன் அதற்கு வரவில்லை. அறிக்கையைத் தாண்டி, நோட்டை நோக்கி, அவள் கையை இழுத்துப் போனான். பழைய வரிக்குக் கீழே. பேனா முனையைக் காகிதத்தில் வைத்தான். அவள் கையை விடுவித்துப் பார்த்தாள். முடியவில்லை. மடியில் உட்கார வைத்து, கையின் மேல் கையை வைத்து, சிணுங்கினாலும் விடாமல், எழுத்து முடியும்வரை விடாமல், அவள் எப்படிப் பிடித்திருப்பாளோ அப்படிப் பிடித்திருந்தான். மை ஈரத்தில் கசிந்தது. எழுத்துகள் பெரிது பெரிதாக, இடப்பக்கம் சாய்ந்து, ஒவ்வொன்றாக வந்தன.

காயவைத்த பொடியை அரைக்க வேண்டாம். இருபது கிராம் பொடிக்கு இரண்டு கிராம் தண்ணீரை நிறுத்துச் சேர்த்து, ஈரமாகவே போடவும்.